யார் அடைத்த மதகு?

கொல்லங்கோட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

அழைப்பிதழில் அச்சிட்ட தலைப்பு ‘ரத்த அணு வளர்ச்சியில் படியெடுப்புக் காரணிகள்’. அதை இரண்டு முறை வாசித்த என் அத்தை மகன், “சாப்பாடு உண்டல்லோ?” என்று மட்டும் கேட்டான். உண்டு. அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே எழுதியிருப்பது நான் வைத்துக்கொண்ட தலைப்பு.

இந்த அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியர் எங்களை வகுப்பறையில் உட்கார வைத்த நேரத்தைவிட வாய்க்கால் கரையில் நிறுத்திய நேரம்தான் அதிகம். மீன்கரை, சுள்ளியாறு அணைகள் நிறைந்தால் தென்மலை அடிவாரம் முழுக்கத் தண்ணீர்ப் பேச்சாகவே இருக்கும். ஷட்டர் திறக்க வரும் லஸ்கரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். காக்கிச் சட்டை, தோளில் துண்டு, கையில் இரும்புத் திருகுசாவி. தண்ணீரை அவர் உண்டாக்குவதில்லை. எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்பது மட்டும் அவர் கையில். ஒரே அணை, ஒரே தண்ணீர். ஆனால் ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் தரிசு. எந்த வாய்க்கால் என்று சொல்ல மாட்டேன், அதில் ஒரு ஷட்டர் முழுக்க மூடாது. அடைத்த பிறகும் விரலிடை அளவு ஒழுகிக்கொண்டே இருக்கும். “சரி பண்ணலையா மாமா?” என்று ஒருநாள் கேட்டேன். “கெடக்கட்டும் விடு. கீழ நாலு கண்டம் அதுலதான் பொழைக்குது” என்றார்.

இந்த ஒழுகலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது என் தவறு ஒன்று. படித்து முடித்ததும் நான் வேலைக்குச் சேர்ந்தது மலையடிவாரத்தில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடம்; பெயர் வேண்டாம். ஒருநாள் இருளர் ஊரிலிருந்து ஒரு தாய் ஆறு வாரக் குழந்தையோடு வந்தாள். மூத்த பிள்ளையை அரிவாள் நோய் கொண்டுபோயிருந்தது. இதற்கும் உண்டா என்று தெரிய வேண்டும். எங்களிடம் அப்போது இருந்தது கரைதிறன் சோதனை ஒன்றுதான். ஒரு சொட்டு ரத்தத்தை மருந்துநீரில் கலக்கி, சோதனைக்குழாயைக் கோடு போட்ட அட்டைக்கு முன்னால் பிடிக்க வேண்டும். குழாய் கலங்கிக் கோடு மறைந்தால் நோயின் கூறு உண்டு. கோடு தெளிவாகத் தெரிந்தால் இல்லை. கோடு தெரிந்தது. “ஒண்ணுமில்லை, தைரியமா போங்க” என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

ஒன்பதாம் மாதம் அவள் திரும்பி வந்தாள். குழந்தையின் இரண்டு கைகளும் பாதங்களும் வீங்கியிருந்தன; தொட்டால் வீறிட்டது. “அன்னிக்கு இல்லேன்னீங்க. இப்ப எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. மலையாளத்தில் ‘அரிவாள் ரோகம்’ என்கிறார்கள். கீற்று வெட்டும் கனத்த அரிவாளை நினைக்க வேண்டாம். கதிரறுக்கும் அரிவாள், அந்த வளைவு. ரத்தச் சிவப்பணு வட்டமாக, நடுவில் குழிந்து, நெகிழ்ந்து போகக்கூடியதாக இருக்கும். அதற்குள் மூச்சுக்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள்: ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு. பீட்டாச் சங்கிலியின் ஆறாவது கண்ணியில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்தால் போதும், ஆக்சிஜன் குறையும் இடத்தில் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாக நீண்டு, அணுவையே வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். வலி அங்கேதான் தொடங்குகிறது. நல்ல அணு 120 நாள் வாழும். இது இரண்டு மூன்று வாரத்தில் உடைந்துவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர் சுமப்பவர். அவருக்கு அன்றாட வாழ்வில் தொந்தரவு இல்லை, மலேரியாவிடமிருந்து பாதுகாப்புகூட உண்டு. காய்ச்சல் மலிந்த மலையடிவாரங்களில் இந்தக் கூறு நிலைத்து நின்றதன் காரணம் அதுதான். அட்டப்பாடிப் பழங்குடி ஊர்களில் நிறையக் குடும்பங்கள் இதைச் சுமக்கின்றன. அதை ஒரு குலத்தின் குறையாகப் பேசுகிறவர்கள் கொசுவின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பழுது பிறவியிலேயே இருக்கிறது என்றால் ஆறு வாரத்தில் ஏன் தெரியவில்லை? கருப்பையில் குழந்தைக்கு வேறு ஹீமோகுளோபின். அங்கே பீட்டாவுக்குப் பதில் காமாச் சங்கிலி. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்தெடுக்க அது தோதானது. பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் 60 முதல் 80 விழுக்காடு இந்தக் கருக்கால வகை. பிறந்தபின் காமா மெல்ல மெல்ல நின்று, பீட்டா தலையெடுக்கும். ஆறு மாதம் கழிந்தால் காமா கொஞ்சம்தான் மிஞ்சும். பெரியவர்களிடம் ஒரு விழுக்காடுகூட இருக்காது. காமாவில் ஆறாவது கண்ணி பழுதில்லை. அது கலந்திருக்கும் வரை கம்பி நீளாது, அணு வளையாது, குழாய் கலங்காது. நான் பார்த்த தெளிவான கோடு, குழந்தைக்கு நோயில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. காமா இன்னும் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பிறந்த குழந்தைகளின் அணுக்கள் குறைவாகவே வளைவதைக் கவனித்து, கருக்கால ஹீமோகுளோபின்தான் காக்கிறது என்று 1948லேயே எழுதிவிட்டார். நான் படிக்கவில்லை.

அப்படியானால் காமா எங்கே போனது? எங்கும் போகவில்லை. பதினோராம் குரோமோசோமில் பீட்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும், எண்பது வயதுப் பெரியவரிடமும், எழுத்து மாறாமல் இருக்கிறது. குளம் வற்றவில்லை. யாரோ மதகை அடைத்திருக்கிறார்கள்.

யார் என்று பார்க்குமுன் ரத்தம் பிறக்கும் இடத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்தக் குருத்தணுக்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் என்று செய்தித்தாளில் படிப்பது இவற்றைத்தான். எண்ணிக்கையில் மிகக் கொஞ்சம். ஆனால் நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு கோடி சிவப்பணுக்களாவது புதிதாக வந்திருக்கும். நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் கணக்கு. வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் தனி. சிவப்பணுவாகப் போகும் அணுவும், கிருமியை விழுங்கப் போகும் அணுவும், எதிர்ப்பொருள் செய்யப் போகும் அணுவும் ஒரே மரபணுப் புத்தகத்தைத்தான் வைத்திருக்கின்றன. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான் வேறுபாடு. திறப்பதும் மூடுவதும் சில புரதங்கள். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்துக் கோவையைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மரபணுவைப் படியெடுக்கச் செய்யும், அல்லது தடுக்கும். படியெடுப்புக் காரணி என்ற பெயர் அதனால் வந்தது. நான் லஸ்கர் என்றே சொல்லப் போகிறேன்.

சிவப்பணுத் துறையின் மூத்த லஸ்கர் காட்டா-1. ஜி, ஏ, டி, ஏ என்ற நான்கெழுத்தைக் கண்டால் பிடித்துக்கொள்வதால் அந்தப் பெயர். தமிழில் ‘காட்டா’ என்றால் காட்டாத என்று பொருள்; இது வழி காட்டுகிற காட்டா. 1989இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவும் கேரி ஃபெல்சன்ஃபெல்டு குழுவும் தனித்தனியே இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தன. இது இல்லாத எலிக்குஞ்சு பிறப்பதில்லை. ரத்தசோகையால் கருவிலேயே இறந்துவிடும். எதிர்க்கரையில் பி.யு.1 என்றொரு லஸ்கர். அது அணுவை வெள்ளையணுப் பக்கம் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து முடக்கப் பார்க்கும். மஜ்ஜையில் ஒவ்வோர் இளம் அணுவுக்குள்ளும் இந்த இழுபறி நடக்கிறது. எது மிஞ்சுகிறதோ அந்த வாய்க்காலில் அணு போகும். போனபின் திரும்ப வராது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2004இல் தாமஸ் கிராஃபின் ஆய்வுக்கூடத்தில், எதிர்ப்பொருள் செய்யும் பி அணுவுக்குள் சி.இ.பி.பி. ஆல்பா என்ற ஒரே ஒரு லஸ்கரைப் புகுத்தினார்கள். அணு தன் தொழிலை விட்டுவிட்டுக் கிருமி விழுங்கியாக மாறிக்கொண்டது.

லஸ்கர் கோணினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. பொருளைவிட்டு விலகுகிறேன், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. ரத்தப் புற்றில் ஒரு வகையில், பதினைந்தாம் குரோமோசோமும் பதினேழாம் குரோமோசோமும் உடைந்து மாற்றி ஒட்டிக்கொள்ளும். அதனால் வைட்டமின் ஏ-யின் வழிவந்த அமிலத்துக்குக் கட்டுப்படும் ஒரு லஸ்கர் இன்னொரு புரதத்தோடு பிணைந்து பிறக்கிறது. அது மதகை அடைத்துக்கொண்டு நகராது. வெள்ளையணுக்கள் பாதி வளர்ச்சியில் நின்று மஜ்ஜையை நிறைத்துவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் நோயாளி ரத்தப்போக்கில் சில நாட்களில் இறந்துபோகலாம். மருந்து என்ன தெரியுமா? ஆர்சனிக் ட்ரையாக்சைடு. நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பது அதைத்தான். சீனாவில் ஹார்பினில் இது வேலை செய்வதைக் கண்டார்கள். பிணைந்து பிறந்த அந்தப் புரதத்தையே பாஷாணம் சிதைக்கிறது என்பது பின்னால் விளங்கியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் விக்ரம் மேத்யூஸும் உடன் பணியாற்றியவர்களும், 1998 முதல் 2004 வரை 72 புதிய நோயாளிகளுக்கு இந்த ஒரே மருந்தைக் கொடுத்து, 86 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியதை 2006இல் வெளியிட்டார்கள். விலையுயர்ந்த கூட்டு மருந்துகளுக்கு வழியில்லாத ஊரில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள் என்பதே எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது. நவபாஷாண முருகனின் பழனிக்குப் போகும் ரயில் நின்று போகும் ஊர்க்காரர்கள் நாம். பாஷாணம் மருந்தாகும் என்பதில் நமக்கு வியப்பு இருக்காது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். அது ஆஸ்பத்திரியில், அளந்து, நாடி பார்த்து ஏற்றும் மருந்து.

காமாவுக்குத் திரும்புவோம். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஹெர்மன் லேமன் என்பவரும் மேரி கட்புஷ் என்பவரும் நீலகிரி மக்களின் ரத்தத்தை ஆராய்ந்து, தென்னிந்தியாவில் அரிவாள் கூறு உண்டு என்று 1952இல் அறிவித்தார்கள். அதுவரை இது ஆப்பிரிக்க வழியினரின் நோய் என்றுதான் புத்தகங்கள் சொல்லிவந்தன. இருளரிடம் அது மிக அதிகமாக இருந்தது. அதே லேமன், எடிங்டன் என்பவரோடு சேர்ந்து, 1955இல் இன்றைய கானாவிலிருந்து ஒரு புதுமையை எழுதினார்: வளர்ந்த பின்னும் கருக்கால ஹீமோகுளோபின் நிற்காமல் ஓடும் மனிதர்கள். அரிவாள் கூறு இருந்தும் அவர்கள் நலமாக இருந்தார்கள். நம் லஸ்கர் மாமாவின் ஷட்டரேதான். அடைத்திருக்கிறது, ஆனால் ஒழுகுகிறது. கீழே நாலு கண்டம் பிழைக்கிறது.

இந்திய நோயாளிகளிடமும் ஒரு சிறு ஒழுகல் உண்டு. அரேபியக் கிழக்குக் கரையிலும், ஒடிசாவிலும், நீலகிரிப் பழங்குடியினரிடமும் அரிவாள் மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. அமைப்பு ஒரே சாயல். அந்த அமைப்போடு கருக்கால ஹீமோகுளோபினும் கூடுதலாக வருகிறது. ஆப்பிரிக்க வழியினர் பலரைவிட இவர்களுக்கு நோய் சற்றே தணிவு என்று எழுதப்பட்டிருக்கிறது. சற்றே என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த ‘தணிவு’ என்ற சொல்லைக் காட்டி நம் பக்க நோயாளிகளின் வலியைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் மருத்துவர்களிடையே இருந்தது. அந்த ஒன்பது மாதக் குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தவன் அப்படிப் பேசமாட்டான்.

அடைக்கிறவர் யார் என்பது 2007, 2008இல்தான் தெரிந்தது. ஆயிரக்கணக்கானவர்களின் மரபணு எழுத்துகளைக் கருக்கால ஹீமோகுளோபின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், லண்டனில் ஸ்வீ லே தீன் குழுவுக்கும் சார்டினியத் தீவு மக்களை ஆராய்ந்தவர்களுக்கும் கிடைத்த இடம் ஒன்றே. இரண்டாம் குரோமோசோமில் பி.சி.எல்.11ஏ என்ற லஸ்கரின் மரபணு. புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு முன்பே தெரிந்த பெயர். காமாவோடு அதற்கு உறவிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆர்கினிடம் மாணவராக இருந்த விஜய் சங்கரன், சிவப்பணுக்களாக வளரும் மனித அணுக்களில் இந்தப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தார். காமா மீண்டும் ஓடியது. 2011இல் அரிவாள் நோய் கொண்ட எலிகளில் இதை நீக்கியபோது எலிகள் தேறின. லஸ்கருக்கு மேலே ஓவர்சியர் இருப்பார் அல்லவா, இங்கும் உண்டு: கே.எல்.எஃப்.1. மால்டாத் தீவில் ஒரு குடும்பத்தில் பலருக்குக் காமா நிற்காமல் ஓடியது, அவர்களுக்குக் கே.எல்.எஃப்.1-இன் ஒரு பிரதி பழுது என்று 2010இல் கண்டார்கள். ஓவர்சியர் பாதி நேரம் வராததால் லஸ்கர் மெத்தனமாக இருந்துவிட்டார். பொதுப்பணித் துறையில் இருந்த யாரும் இந்த அவையில் வருத்தப்பட வேண்டாம்.

அப்படியானால் பி.சி.எல்.11ஏ-வை ஒழித்துக் கட்டிவிடலாமே? முடியாது. அதே புரதம் மூளை வளர்ச்சிக்கு வேண்டும், பி அணுக்களுக்கும் வேண்டும். ஒரே ஆள் மூன்று கால்வாய்க்கு டியூட்டி. வழி 2013இல் கிடைத்தது. சிவப்பணுத் துறையில் மட்டும் அந்த மரபணுவை ஊக்கும் ஒரு சிறு பகுதி அதற்குள்ளேயே இருப்பதை டேனியல் பாவரும் ஆர்கின் குழுவினரும் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டினால் மற்ற இரண்டு கால்வாயிலும் அவர் வேலை நடக்கும். இந்த மதகின் சாவி மட்டும் அவர் கையில் இருக்காது.

வெட்டும் கத்தி, கிரிஸ்பர். நோயாளியின் குருத்தணுக்களை எடுத்து, அந்த ஒரு இடத்தை வெட்டி, பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்து, திருத்திய அணுக்களை ஏற்றுகிறார்கள். பழுதான பீட்டா பழுதாகவே இருக்கும். கருப்பைக் காலத்துக் காமா மீண்டும் ஓடத் தொடங்கும். அமெரிக்காவில் விக்டோரியா கிரே என்ற பெண்மணி 2019இல் இதைப் பெற்றார். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற பெயரில் இதற்கு ஒப்புதல் கொடுத்தன. விலை 22 லட்சம் டாலர்.

அந்தத் தொகையைச் சொன்னதும் அவையில் எழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வேலூரில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தில் மோகன்குமார் குழுவினர், டி.என்.ஏ.வை முழுக்க வெட்டாமல் ஓரெழுத்தை மட்டும் மாற்றும் முறையில், காமா மரபணுக்களின் வாசலை இடம் இடமாகச் சோதித்தார்கள். காமா நிற்காத மனிதர்கள் சிலரிடம் இயற்கை செய்ததைப் போன்ற புதிய மாற்றங்களைக் கண்டு 2022இல் வெளியிட்டார்கள். மைனஸ் 123, மைனஸ் 124 என்று அந்த இடங்களுக்கு எண். லஸ்கரை விட்டுவிட்டு ஷட்டரிலேயே ஒழுகல் வைக்கும் வழி இது. 2025 நவம்பரில் டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சைக்கு, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரில் ‘பிர்சா 101’ என்று பெயரிட்டார்கள். பெயர் பொருத்தமானது. மலை ஊர்க் குழந்தைக்கு அது எட்டும் நாளில் நான் இன்னும் பொருத்தமானது என்பேன். 1952இலிருந்து அந்த மக்கள் கையை நீட்டி ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைக்கே எட்டுவது ஹைட்ராக்ஸியூரியா. தினம் விழுங்கும் ஒரு மாத்திரை, விலை குறைவு, நோயை வேரறுக்காது. ஆனால் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டி, வலி வரும் நாட்களைக் குறைக்கும். ரத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் ‘பார்த்துப் பார்த்து’ என்பதில்தான் ஊர் இடறுகிறது: பஸ் வராத நாள், கூலி போகும் நாள், ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்த நாள். மதகின் அறிவியல் எத்தனை நுட்பமாக இருந்தாலும் நோயாளி அட்டப்பாடியிலிருந்து மண்ணார்க்காடு இறங்கித்தான் வரவேண்டும்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏழு கோடிப் பேருக்குச் சோதனை, 2047க்குள் ஒழிப்பு என்பது இலக்கு. சோதனை முடிவை எழுதிய அட்டை கொடுக்கிறார்கள். அட்டையைப் பார்த்துக் கல்யாணம் நின்றுபோன பேச்சும் காதில் விழுகிறது. சுமப்பவரும் சுமப்பவரும் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு என்பதைச் சொல்ல வேண்டும்தான். சொல்லும் ஆள் அந்த ஊர் மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அந்தத் தாய் மறுபடி வந்து கேட்டால் சொல்வேன்: அம்மா, அது புதிதாக வரவில்லை, அன்றைக்கும் இருந்தது. உன் வயிற்றில் இருந்தபோது ஓடிய நல்ல தண்ணீர் அன்று இன்னும் வற்றாததால் எனக்குத் தெரியவில்லை. ஆறாம் மாதத்துக்குள் மதகு அடைபடும். அதற்குமுன் நோய் தெரிந்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்திலேயே பென்சிலின் தொடங்கலாம், தடுப்பூசிகளைத் தவறாமல் போடலாம். இந்தக் குழந்தைகளைச் சின்ன வயதில் கொண்டுபோவது பெரும்பாலும் கிருமிதான். உன் ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதல் வாரத்திலேயே குதிகாலில் ஒரு சொட்டு எடுக்கச் சொல். ஹீமோகுளோபின்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டும் பெரிய மெஷின் இருக்கும் இடத்துக்கு அந்தச் சொட்டை அனுப்பச் சொல். என்னைப் போல ஒருவன் அதைக் கோடு போட்ட அட்டைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தால், குழாயை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடு.